ஏற்கெனவே பார்த்தது

இந்த வாசனை வெளியிலிருந்து வருகிறதா, என் தலைக்குள்ளிருந்து வருகிறதா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். தீக்குச்சி மருந்து வாசனை. உரசிய பிறகு வருகிற வாசனை வேறு. இது உரசுவதற்கு முன்னால், மருந்தில் முக்கிக் காயப் போட்ட குச்சியிலிருந்து வருகிற ஈர வாசனை, பசையும் கந்தகமும் சேர்ந்தது. இந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது, ஜன்னலெல்லாம் திறந்திருக்கிறது, காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வரத்தான் செய்யும். ஆனால் வெளியே வேப்பமரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. வேறு யாருக்காவது வருகிறதா என்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறேன். எல்லாத் தலையும் குனிந்திருக்கிறது, ஒரு மூக்குகூடச் சுளிக்கவில்லை. அது என்ன அத்தாட்சி? கோவில்பட்டியில் பிறந்த பிள்ளை தீக்குச்சி மருந்துக்கு மூக்கைச் சுளிக்குமா? மீன் விற்கிறவளிடம் போய் மீன் நாறுகிறதா என்று கேட்ட கதைதான். நானே எத்தனை வருஷம் சுளிக்காமல் இருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே இந்த வாசனை திடீர் திடீரென்று வரும், கூடவே வயிற்றுக்குள்ளிருந்து ஒரு பயம் எழும்பி நெஞ்சுக்கு வரும், எதைக் கண்டு பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வாசனையைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஊரே மணக்கிறது, இதில் போய் என்ன சொல்ல? எங்கள் அம்மாவே தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினவள், அவள் சேலையிலும் இதே வாசனைதான். கல்யாணமாகிக் கொடைக்கானல் போனபோதுதான் விஷயம் புரிந்தது. பைன் மரத்துக்கு நடுவில், பனிக்குள், ஊருக்கும் அதற்கும் நூறு மைல் இருக்கும், அங்கே வந்து நிற்கிறது தீக்குச்சி மருந்து வாசனை. இவர் பக்கத்தில் நின்று சோளக்கதிர் கடித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஏதாவது வாசனை வருதாங்க?" என்று கேட்டேன். "யூகலிப்டஸ்" என்றார்.

செண்பகவல்லி, நீ கணக்கு டீச்சர். கொடுக்கப்பட்டவை என்ன, அதை எழுது. இன்று பிளஸ் டூ வரலாற்றுப் பரீட்சை. நீ வேறு பள்ளிக்கூடத்திலிருந்து கண்காணிக்க வந்திருக்கிறாய். கண்காணிப்பாளர் உட்காரக் கூடாது, செல்போன் கூடாது, கைப்பை கூடாது. கைப்பை தலைமையாசிரியை அறையில், மற்ற டீச்சர்களின் பைகளோடு பையாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் டிபன் பாக்ஸ், டிபன் பாக்ஸுக்கு அடியில் துணியில் சுற்றிய மாத்திரை. வீட்டில் மாத்திரை போட முடியாது. அத்தைக்கு, இவர் அம்மாவுக்கு, கழுகுக் கண், தண்ணீர் குடிப்பதைப் பார்த்தே என்ன மாத்திரை என்று கேட்பாள். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் என் மேஜையில் கலர் சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்திருப்பேன். முதல் மணி அடிப்பதற்கு முன்னால் வாயில் போட்டுக்கொண்டு கரும்பலகை அழிக்கப் போய்விடுவேன். இத்தனை வருஷம் அந்தக் கலர் சாக்பீஸ்தான் என் குடும்பத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இன்றைக்கு இங்கே வந்து இறங்கியதும் பையை வாங்கிக்கொண்டார்கள், கேள்வித்தாள் கவரைப் பிரிக்கும்போது கூட நிற்கச் சொன்னார்கள், கையெழுத்துப் போடச் சொன்னார்கள், ஓடு ஓடு என்று மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். போய் ஒரு நிமிஷம் பையைத் திறக்கிறேன் என்று கேட்டிருக்கலாம். எதற்கு மேடம் என்று கேட்பார்கள். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். இவரிடம் அப்படித்தானே சொல்லி வைத்திருக்கிறேன், ஒற்றைத் தலைவலி, மதுரையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கிறேன் என்று. பாவம், ஒவ்வொரு தடவையும் பஸ் ஏற்றிவிட்டு, வெயிலில் நிற்காதே, வெயில்தான் தலைவலிக்கு ஆகாது என்பார். ஒரு வேளைதானே, ஒன்றும் ஆகாது. ஒரு வேளை விட்டாலும் ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் ஒன்றும் ஆகாது. ஆண்டவனே, காற்றுதான் அடித்திருக்க வேண்டும்.

நடப்போம். நடந்தால் கால் தரையில் இருப்பது தெரியும். பெஞ்சுக்கு ஒரு பிள்ளை. எல்லார் தலையிலும் எண்ணெய், எல்லார் நெற்றியிலும் ஏதாவது ஒரு கோவில் குங்குமம். வரலாறு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கை வலிக்கும், நடு நடுவே விரலை உதறிக்கொள்கிறார்கள். மின்விசிறி டக் டக்கென்று சத்தம் போடுகிறது. மூன்றாவது பெஞ்சில் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய பெண், ஹால் டிக்கெட்டில் கார்த்தீஸ்வரி என்று பார்த்தேன், போட்டோவில் சிரித்தாள், நேரில் உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினாள். மூளைக்குள் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வேலையாம், ஆனால் ஒரு இடமும் தனியாக எதையும் செய்து கிழித்துவிடாதாம், எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்க வேண்டுமாம். "உங்களுக்கு ஃபிட்ஸ் வர்ற நேரத்துல மட்டும்தான் கோளாறுன்னு நினைக்காதீங்கம்மா. வராத நேரத்துலயும் அந்தப் பேச்சு மாறித்தான் போயிருக்கு. சில இடம் தேவைக்கு மேல ஒட்டிக்கிட்டுப் பேசுது. சில இடத்துக்குச் சேதியே போறதில்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமேதான். இரண்டு பேர் மூலையில் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருப்பார்கள், மீட்டிங் இருக்கிறது என்கிற சேதி மட்டும் கணக்கு டீச்சருக்கு வராது. சிரித்ததும் டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரிப்பும் வியாதியில் சேர்த்தியோ என்று பார்த்திருப்பாள். இப்படிப் பார்ப்பார்கள் என்றுதானே யாரிடமும் சொல்வதில்லை. எதைச் செய்தாலும் இனிமேல் அது நீ செய்ததாக இருக்காது, வியாதி செய்ததாகத்தான் இருக்கும்.

அதோ, வந்துவிட்டது. இதெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தது. இந்த அறை, இந்த வெளிச்சம், ஜன்னல் கம்பியின் நிழல் அந்தச் சிவப்புக் கயிற்றுப் பெண்ணின் தோளில் விழுந்திருப்பது, மின்விசிறியின் டக் டக், அவள் இடது கை யூனிஃபார்ம் கோட்டுக்குள் போவது, குனிவது, எல்லாம் நடந்து முடிந்தது, நான் பார்த்து முடித்தது. அடுத்து என்ன என்றுகூடத் தெரியும், நாக்கு நுனியில் இருக்கிறது. பயம் வயிற்றிலிருந்து எழும்புகிறது. காற்று இல்லை, இது காற்று இல்லை. சுவரைப் பிடி. கீழே மட்டும் விழுந்துவிடாதே செண்பகம். பதினாறு வயதில் சடங்கு வீட்டில் விழுந்தபோது அத்தனை சனமும் சேர்ந்து ஓடிவந்தது, பீரோ சாவி, கடைச் சாவி, வண்டிச் சாவி எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்கள், இரும்பு பட்டால் இறங்கிவிடும் என்று. கண் முழித்தபோது கையெல்லாம் சாவி பல் பல்லாகப் பதிந்திருந்தது. அம்மா என்னைத் தூக்கி நிறுத்தி, சேலை முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டுக் காதுக்குள் என்ன சொன்னாள் என்றால் மிஸ். மிஸ். மிஸ், பேப்பர் மிஸ்.

பேப்பர். யாரோ நிற்கிறாள். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், ரொம்ப நேரமாக நிற்கிறவளின் முகம். நான் ஜன்னல் பக்கம்தானே நின்றேன்? இப்போது சுவரில் சாய்ந்து, மேஜைப் பக்கத்தில் நிற்கிறேன். கூடுதல் பேப்பர் கட்டுகிற வெள்ளை நூல் என் விரல்களில் சுற்றிச் சுற்றிச் சிக்கலாகிக் கிடக்கிறது. நான்தான் சுற்றியிருக்க வேண்டும். கடிகாரத்தில் முள் நகர்ந்திருக்கிறது, எவ்வளவு என்று கணக்குப் போட வரவில்லை. கணக்கு டீச்சருக்குக் கடிகாரம் பார்க்க வரவில்லை. விழவில்லை, அதுவே போதும். சேலை சரியாக இருக்கிறது. வாயைத் துடைத்துப் பார்க்கிறேன், கொஞ்சம் எச்சில்தான். பேப்பரை எடுத்துக் கொடு. கொடுக்கிறேன். "தேங்க்ஸ் மிஸ்." பதில் சொல்ல ஏதோ ஒரு சொல் உண்டு, சின்னச் சொல்தான், அது வரவில்லை. தலையை ஆட்டுகிறேன். இது முடிந்ததும் கொஞ்ச நேரம் இப்படித்தான் இருக்கும். பொருள் தெரியும், அதன் பேர் வராது. பேர் இருக்கிற அறைக்குப் போகிற கதவை யாரோ சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். பொறு, திறந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்தால் தேவலை. தண்ணீர் கொடுக்கிற ராசம்மா அக்கா வராந்தாவில் அந்தக் கோடியில் இருக்கிறாள்.

செருப்புச் சத்தம். ஒருத்தருடையது இல்லை, இரண்டு மூன்று பேர். பறக்கும் படை. முன்னால் வருகிறவர் ஞானதுரை சார், வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர், காலையில் கீழே அறிமுகம் செய்து வைத்தார்கள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டிருக்கிறார். பின்னால் இந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ராஜகனி மேடம். ஞானதுரை சார் பேசாமல் பெஞ்சுக்கு நடுவில் நடக்கிறார். மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார். குனிகிறார். தரையிலிருந்து ஒன்றை எடுக்கிறார். சின்னதாக மடித்த காகிதம், விரித்தால் எறும்பு மாதிரி எழுத்து, ஆண்டுகள், ஏதோ மாநாடு. "யாருது இது?" என்கிறார். கார்த்தீஸ்வரி நிமிரவே இல்லை, பேனா மட்டும் நின்றுவிட்டது. "எந்திரிம்மா. ஒன் பெஞ்சுக்கடியிலதான் கெடக்கு." "என்னோடது இல்ல சார். சத்தியமா இல்ல சார்." அவர் என் பக்கம் திரும்புகிறார். "தரையில கெடக்கிற காயிதத்த வச்சு நான் ஒரு பிள்ளை மேல ரிப்போர்ட் எழுத முடியாது. மேடம், நீங்கதான இங்க நிக்கிறீங்க. இந்தப் பொண்ணு எடுத்ததப் பார்த்தீங்களா?" கேள்வி புரிகிறது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகப் புரிகிறது. கண்ணுக்குள் இடது கை கோட்டுக்குள் போகிறது, குனிகிறாள், தோளில் கம்பி நிழல். பார்த்தேனே. எவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். என் வாய் "ஆமா" என்கிறது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொல்கிறது. வாய்க்குள் அந்த நேரம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொள்கிறார். விடைத்தாளை வாங்குகிறார். அந்தப் பெண் அழுகிறாள், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்குகிறது. "நீங்களும் கீழ வாங்க மேடம், எழுதித் தரணும்" என்கிறார், வேறொரு டீச்சரை அறைக்குள் நிறுத்துகிறார்கள். படி இறங்குகிறேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன். ஆமா என்றேன். ஆமாதானே? பார்த்தது பார்த்ததுதானே? எப்போது பார்த்தேன் என்று யோசி. வாசனை வந்த பிறகு. அதிலும் எல்லாம் ஏற்கெனவே பார்த்த மாதிரித் தோன்ற ஆரம்பித்த பிறகு. கொடைக்கானலில் அந்தச் சோளக்கதிர்க்காரனைக்கூட முன்னமே பார்த்த மாதிரித்தான் இருந்தது, சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன், அவன் பேரைக்கூடச் சொல்லிவிடுவேன் போல இருந்தது. அதைப் பற்றித்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கண் பார்த்து அனுப்பினால்தான் 'இது தெரிந்தது' என்று சொல்கிற இடம் அதைச் சொல்ல வேண்டும், உங்களுக்குக் கண் ஒன்றும் அனுப்பாமலே அந்த இடம் தானாக மணியடித்துவிடுகிறது என்றாள். அடிக்கிற மணி ஒரே மணிதான். பள்ளிக்கூடத்து மணியைப் பியூன் அடித்தாலும் குரங்கு அடித்தாலும் பிள்ளைகள் எழுந்து ஓடத்தானே செய்யும்? அப்படியானால் அந்தக் கை கோட்டுக்குள் போனதா, இல்லையா? இனி எப்படிக் கண்டுபிடிப்பேன்? நான் பார்த்ததை நான் யாரிடம் போய்ச் சரிபார்க்க? இந்தப் பிள்ளைக்கு இந்த வருஷம் போச்சு. ஒரு வருஷத்தோடு விடுவார்களா என்பதும் தெரியாது. அடுத்த மாதமே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். என் தலைக்குள் ஒரு இடம் சும்மா மணியடித்ததற்காக.

தலைமையாசிரியை அறை. வரிசையில் என் பை. அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வருகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, பெற்ற பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஒரு வெள்ளைக் காகிதத்தை என் முன்னால் வைக்கிறார் ஞானதுரை சார். "மேற்படி மாணவி துண்டுச் சீட்டை எடுத்ததை நான் நேரில் கண்டேன், அவ்வளவுதான் மேடம். ரெண்டு வரி. கீழ கையெழுத்து." நேரில் கண்டேன். பேனாவைப் பிடிக்கிறேன். கார்த்தீஸ்வரி சுவரோரம் நின்று, "மிஸ், நான் எடுக்கல மிஸ், சொல்லுங்க மிஸ்" என்கிறாள். மூக்கு வடிகிறது, சிவப்புக் கயிறு கட்டிய கையால் துடைக்கிறாள். பேர்கள் திரும்பி வந்துவிட்டன, இந்தக் கயிறு, இந்தப் பேனா, இந்தத் துண்டுச் சீட்டு, எல்லாவற்றுக்கும் இப்போது பேர் இருக்கிறது. இனி வாயைக் குற்றம் சொல்ல முடியாது. இனி நான் சொல்வது நான் சொல்வதுதான். "சார், எனக்குச் சரியாத் தெரியல" என்கிறேன். "என்ன தெரியல?" "பார்த்தேனான்னு தெரியல." அவர் சிரிக்கிறார், நல்ல மனிதர்தான், ஆனால் இந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. "இப்பத்தான மேல வச்சு ஆமான்னு சொன்னீங்க. பொண்ணு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டதும் தெரியாமப் போச்சா? வேண்டப்பட்ட பிள்ளையோ? ஒங்க ஊரா?" ராஜகனி மேடமும் என்னைப் பார்க்கிறார். காசு வாங்கியிருப்பேனோ, சொந்தக்காரியாக இருப்பேனோ, என்னென்னவோ அந்தப் பார்வையில் ஓடுகிறது. இரண்டு வரி எழுதினால் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், சோற்றை வடிக்கலாம், இவர் வந்ததும் பரீட்சை டூட்டி எப்படி என்பார், வெயில்தான் என்பேன். நாளைக்குக் கலர் சாக்பீஸ் டப்பா. யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளை எடுத்தும் இருக்கலாமே, எடுத்திருந்தால் நான் எழுதுவது உண்மைதானே. எடுத்திருக்காவிட்டால்? எடுத்திருக்கலாம் என்பதற்காகக் கண்டேன் என்று எழுதலாமா? கணக்கில் விடை சரியாக இருந்தாலும் வழி தப்பாக இருந்தால் மார்க் போட மாட்டேன் என்று எத்தனை பிள்ளைகளை அழ விட்டிருக்கிறேன். வாயைத் திற செண்பகம். திறந்தால் மூடவே முடியாது. வீட்டில் அத்தை, என் மகளைக் கட்டிக்கொடுக்கிறபோது சம்பந்தி வீடு, எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூம் மூலையில் அந்த இரண்டு பேர், எல்லாருக்கும் நாளைக்கே போய்விடும், இந்தச் சேதி மட்டும் ஒருத்தருக்கும் தவறாமல் போகும். பேனாவைக் கீழே வைக்கிறேன்.

"சார், எனக்கு வலிப்பு இருக்கு."

இத்தனை வருஷம் அந்தச் சொல்லை நான் டாக்டரம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, ஃபிட்ஸ் என்றுதான் சொல்வேன், இங்கிலீஷில் சொன்னால் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். "இப்பல்லாம் கீழ விழுற மாதிரி இல்ல சார். கொஞ்ச நேரம் நினைவு போயிரும், நின்னுக்கிட்டே இருப்பேன். இன்னைக்கு மாத்திரை போடல. மேல நிக்கும்போது வந்துச்சு. வர்றப்ப எல்லாமே முன்னாடி பார்த்த மாதிரி இருக்கும் சார், நடக்காததும் பார்த்த மாதிரி இருக்கும். நீங்க கேட்டப்ப ஆமான்னு சொன்னேன், அத நம்பி ஒண்ணும் எழுத முடியாது சார்." மளமளவென்று வருகிறது. ஞானதுரை சார் தம்மையறியாமல் ஓரடி பின்னால் போகிறார், அது ஒட்டுவாரொட்டி இல்லை என்று படித்தவருக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. பிறகு நான் எழுதாத அந்த வெள்ளைக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். "போம்மா. போய் எழுது. நேரம் போயிருச்சு, வேகமா எழுது" என்று அந்தப் பெண்ணிடம் விடைத்தாளைக் கொடுக்கிறார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே போகிறாள், வாசலில் இடித்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகு எல்லாருடைய குரலும் மாறிவிட்டது. "உக்காருங்க மேடம். மெதுவா, மெதுவா." ராஜகனி மேடம் என் பையிலிருந்து போனை எடுக்கச் சொல்கிறார், வீட்டு நம்பர் எது என்கிறார். வேண்டாம் மேடம், நானே போயிருவேன் மேடம் என்கிறேன். "சும்மா இருங்க, தனியா எப்படி விடுறது?" குழந்தையிடம் பேசுகிற குரல். நேற்று இதே மேடத்தோடு போனில் டூட்டிப் பட்டியலுக்காகச் சண்டை போட்டேன், காரசாரமாகத்தான் பதில் சொன்னார். இனி என்னோடு யாரும் சண்டை போட மாட்டார்கள் போலிருக்கிறது.

பக்கத்து அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு என்னைப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் படுக்கவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். ராசம்மா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், முதல் தடவையாக ஆள் பார்க்க. "ஒங்க வீட்டுக்காரக வாராக டீச்சர், போன் பண்ணியாச்சு. ஒண்ணும் விசனப்படாதீக" என்றாள். போனில் என்ன சொன்னார்கள் என்று கேட்க வாய் வரவில்லை. இவர் இந்நேரம் வண்டியை எடுத்திருப்பார். வருகிற வழியில் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பார். வெயிலில் நிற்காதே என்று சொன்னதெல்லாம் ஞாபகம் வரும். சாம்பார் கொதிக்கக் கொதிக்க நான் கரண்டியோடு சும்மா நின்ற நாள் ஞாபகம் வரும், கூப்பிடக் கூப்பிடக் கேட்காத நாள், கோபம் போல என்று அவர் விட்டுவிட்ட நாள். எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் கிடைத்துவிடும். கோபப்பட்ட நாள்கூட நான் கோபப்பட்டதாக இருக்காது. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. உண்மையாகவே கோபப்பட்ட நாள் எத்தனை இருக்கிறது, அதையெல்லாம் எப்படி மீட்பேன்? கடைசி மணி அடிக்கிறது. மாடியிலிருந்து பிள்ளைகள் இறங்குகிற சத்தம், அந்தக் கேள்விக்கு என்னடி எழுதுன, இதுக்கு என்னடி எழுதுன என்று ஒரே இரைச்சல். வாசலில் நிழல் விழுகிறது. கார்த்தீஸ்வரி. பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். "எழுதி முடிச்சியாம்மா?" என்கிறேன். தலையாட்டுகிறாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று பார்க்கிறாள். பிறகு வந்து, என் பக்கத்தில் குனிந்து, ரகசியமாகப் பேசுகிறாள். "மிஸ், நீங்க பார்த்தீங்க மிஸ்." "என்னது?" "நான் எடுத்தத. நிமிந்தா நீங்க என்னையவே பார்த்துட்டு நிக்கிறீங்க. செத்தேன்னு நினைச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லல. கண்ண எடுக்கவும் இல்ல. சரி, மிஸ் பாவம்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சுத்தான் மிஸ் பார்த்து எழுதுனேன்." குரல் உடைகிறது. "மன்னிச்சிருங்க மிஸ். யார்ட்டயும் சொல்லிறாதீங்க." ஓடிவிட்டாள்.

பார்த்திருக்கிறேன். அந்தக் கை நிஜமாகவே கோட்டுக்குள் போயிருக்கிறது. கண் பார்த்திருக்கிறது, பார்த்ததை உள்ளே அனுப்பியிருக்கிறது, உள்ளே இருந்தது அதை வாங்கி வைத்திருக்கிறது. அத்தனை குழப்பத்துக்கு நடுவில், ஒரு வழி மட்டுமாவது சாத்தாமல் இருந்திருக்கிறது. ஆமா என்று சொன்னது வாய் இல்லை, நான்தான். சந்தோஷம் வருகிறது, பைத்தியக்காரச் சந்தோஷம். ஒரு பிள்ளை திருட்டுத்தனம் செய்ததற்கு ஒரு டீச்சர் இப்படிச் சந்தோஷப்படலாமா, படுகிறேன், உடம்பெல்லாம் பரவுகிறது. எழுந்து போய் ஞானதுரை சாரிடம் சொல்லலாம். என்ன சொல்ல? சார், நான் பார்த்தது நிஜம்தான், நம்புங்கள் என்றா? நம்ப வேண்டாம் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எழுதாத குறையாகச் சொன்னது யார்? அந்தப் பிள்ளையைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை. போகட்டும், எழுதிவிட்டாள், போகட்டும். ஆனால் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் வண்டி நிற்கிற சத்தம். இவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வருகிறார், ராஜகனி மேடம் கூடவே வந்து தணிந்த குரலில் என்னவோ சொல்லிவிட்டுப் போகிறார். இவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார், உடைந்துவிடுகிற சாமான் மாதிரி. எத்தனை வருஷமாக என்று கேட்பார், ஏன் மறைத்தாய் என்று கேட்பார், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன், அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஏங்க, நான் பார்த்தேங்க. நிஜமாவே பார்த்தேன்."

இவர் என் முகத்தையே பார்க்கிறார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. ஒரு கையை எடுத்து என் தலையைத் தடவிவிடுகிறார்.

"சரிம்மா. பார்த்த, பார்த்த. இப்ப ஒண்ணும் பேசாத. மெதுவா எந்திரி."